உண்ணிக் காய்ச்சலா, எந்த உண்ணிக் காய்ச்சல்? மாட்டின் ரத்த ஒட்டுண்ணிகளை அறிகுறி வழியே கண்டுபிடித்தல்

உண்ணி மொய்த்த மாடு காய்ச்சலில் சோர்ந்து நின்றால் "உண்ணிக் காய்ச்சல்" என்று சொல்லிக் கையில் இருக்கிற ஊசியைப் போட்டுவிடும் பழக்கம் பரவலாக இருக்கிறது. அந்த ஒரு பெயருக்குள் குறைந்தது மூன்று நோய்கள் ஒளிந்திருக்கின்றன. பபேசியா சிவப்பணுவுக்குள் புகுந்து பெருகி அதை உடைக்கிறது. தைலேரியா முதலில் வெள்ளையணுக்களில் பெருகி, பிறகுதான் சிவப்பணுவுக்கு வருகிறது. அனாபிளாஸ்மா ஒட்டுண்ணி என்று சொல்லப்பட்டாலும் உண்மையில் ஒரு பாக்டீரியா; அதனால்தான் டெட்ராசைக்ளின் அதற்குக் கேட்கிறது. பபேசியாவுக்குப் போடும் டைமினசீன் தைலேரியாவையும் அனாபிளாஸ்மாவையும் ஒன்றும் செய்யாது. தைலேரியாவுக்குப் போடும் புபார்வாகுவோன் அனாபிளாஸ்மாவுக்கு வீண். தவறான ஊசியில் போகிற இரண்டு நாளில் சிவப்பணு வெகுவாகக் குறைந்துவிடலாம்.

ஆகவே எந்த அறிகுறியோடு தொடங்கினாலும் வரிசை ஒன்றுதான்: முதலில் ரத்தப் பூச்சு (நுண்ணோக்கியில் பார்க்கக் கண்ணாடித் தகட்டில் மெல்லிசாகப் பரப்பிய ரத்தம்), அதன் பிறகு ஊசி. மருந்து உள்ளே போன ஒரே நாளில் பபேசியா ரத்தத்திலிருந்து பெரும்பாலும் மறைந்துவிடும். அப்புறம் எடுக்கிற பூச்சில் ஒன்றும் தெரியாது; மாடு தேறாவிட்டால் எதைத் தவறவிட்டோம் என்பதும் தெரியாமல் போகும். மாட்டின் நிலை மோசமாக இருந்து மருத்துவர் உடனே ஊசி போட வேண்டியிருந்தாலும், காது நுனியில் குத்தி இரண்டு கண்ணாடித் தகட்டில் பூச்சு எடுக்க இரண்டு நிமிடம் போதும்.

எந்த அறிகுறியானாலும் முதல் பத்து நிமிடம்

வெப்பநிலை எடுங்கள். வளர்ந்த மாட்டுக்கு 38 முதல் 39.3 டிகிரி செல்சியஸ், அதாவது சுமார் 100.4 முதல் 102.7 டிகிரி ஃபாரன்ஹீட் வரை இயல்பு. கன்றுக்குச் சற்றுக் கூடுதலாக இருக்கலாம். தெர்மாமீட்டரின் முனை சாணத்துக்குள் நின்றால் அளவு குறைத்துக் காட்டும்; மலக்குடலின் சுவரில் சாய்த்துப் பிடித்து இரண்டு நிமிடம் வையுங்கள். வெயிலில் நின்ற மாட்டையும் நடந்து வந்த மாட்டையும் நிழலில் ஒரு மணி நேரம் கட்டியபின் பாருங்கள். ஒன்றை மறக்கக் கூடாது: ரத்தம் வெகுவாகக் குறைந்து சாகும் தறுவாயில் இருக்கும் மாட்டுக்கு வெப்பநிலை இயல்பாகவோ அதற்கும் கீழாகவோ காட்டும். அனாபிளாஸ்மாவில், சோகை கண்ணுக்குத் தெரிவதற்குள் காய்ச்சல் இறங்கிப் போயிருப்பதும் உண்டு. காய்ச்சல் இல்லை என்பதை வைத்து மட்டும் உண்ணி நோயை ஒதுக்கிவிடாதீர்கள்.

அடுத்து கீழ் இமையைப் புரட்டிப் பாருங்கள். பசுவானால் யோனியின் உட்சவ்வையும் பாருங்கள். அங்கேயும் மஞ்சள் தெரியும். நல்ல இளஞ்சிவப்பா, வெளிறலா, மஞ்சளா, ஊசி குத்தினாற்போல் சிவப்புப் புள்ளிகள் உண்டா என்று குறித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது நெறி, அதாவது தோலடியில் உருளும் நிணநீர்க் கணு. தோள்பட்டைக்கு முன்னால் கழுத்தின் அடியில் விரல்களைப் பதித்து முன்னும் பின்னும் உருட்டுங்கள். தொடைக்கு முன்னால் அடிவயிற்றோடு சேரும் தோல் மடிப்பிலும், காதுக்குக் கீழேயும், மடிக்குப் பின்னாலும் அதேபோல் தடவுங்கள். இடது வலது இரண்டையும் ஒப்பிட்டால்தான் வீக்கம் புலப்படும்.

நான்காவது சிறுநீர். வெள்ளைக் கிண்ணத்திலோ தெளிவான கண்ணாடியிலோ பிடிக்க வேண்டும். தரையில் விழுந்ததைப் பார்த்து நிறம் சொல்ல முடியாது. பசு கழிக்காமல் நின்றால் யோனிக்குக் கீழே கையால் மெல்ல மேலும் கீழும் தடவிக்கொடுங்கள், பெரும்பாலும் கழிக்கும்.

கடைசியாக உண்ணி. காதின் உட்புறம், அலைதாடி, முன்கால் இடுக்கு, மடிக்கும் தொடைக்கும் நடுவே, வாலடி, குளம்பிடுக்கு ஆகிய இடங்களில் தேடுங்கள். உண்ணி இல்லாவிட்டாலும் நோய் இருக்கலாம். கடித்தபின் பபேசியா வெளிப்பட இரண்டு மூன்று வாரமும், அனாபிளாஸ்மா வெளிப்படப் பல வாரமும் ஆவதால், கடித்த உண்ணி எப்போதோ விழுந்துவிட்டிருக்கும்.

பூச்சு எடுக்கும் முறை

நோய் கண்டுபிடிப்பதில் பாதி வேலை இங்கேதான் கெடுகிறது என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறோம்.

காது நுனியின் ரோமத்தை வழித்து, ஸ்பிரிட்டால் துடைத்து, அது முழுவதும் உலரும் வரை காத்திருங்கள். ஈரம் மிச்சமிருந்தால் சிவப்பணு வெடித்துப் பூச்சு முழுக்க நிழல் உருவங்களாகத் தெரியும். புதிய ஊசியால் நுனியில் குத்துங்கள். கழுத்தின் பெரிய ரத்த நாளத்தில் எடுத்த ரத்தத்தைவிட காது நுனி, வால் நுனி ரத்தமே மேல். காரணம் உண்டு: பபேசியாவில் பபேசியா போவிஸ் என்ற வகை தாக்கிய சிவப்பணுக்கள் மிக நுண்ணிய குழாய்களின் சுவரில் ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். பெரிய நாளத்தில் ஆயிரம் அணுவில் ஒன்றுகூட அகப்படாத நேரத்திலும் காது நுனியில் கிடைக்கும்.

சுத்தமான, எண்ணெய்ப் பிசுக்கில்லாத தகட்டின் ஒரு ஓரத்தில் கடுகைவிடச் சற்றுப் பெரிய துளி வையுங்கள். இன்னொரு தகட்டை 30 முதல் 45 டிகிரி சாய்வில் துளிக்கு முன்னால் வைத்துப் பின்னுக்கு இழுத்துத் துளியைத் தொடுங்கள். ரத்தம் விளிம்பு முழுக்கப் பரவியதும் நிறுத்தாமல் ஒரே சீராக முன்னுக்குத் தள்ளுங்கள். நாக்கு வடிவில் முடிய வேண்டும், முடிவில் இறகு விளிம்புபோல் மெலிய வேண்டும். துளி பெரிதானால் பூச்சு தகட்டின் கடைசிவரை ஓடிவிடும். சோகை பிடித்த ரத்தம் நீர்த்திருப்பதால் தகட்டை இன்னும் சற்று நிமிர்த்தி வேகமாகத் தள்ளினால்தான் பூச்சு கனம் பெறும்.

காற்றில் விசிறி உடனே உலர்த்துங்கள். மெல்ல உலர்ந்தால் சிவப்பணுவின் மேல் ஒளிரும் குமிழிகள் உருவாகும். பழகாத கண் அதை ஒட்டுண்ணி என்றே சொல்லும். பென்சிலால் தகட்டின் ஓரத்தில் மாட்டின் எண்ணும் தேதியும் எழுதுங்கள். பேனா மை மெத்தனாலில் கரைந்துவிடும். மூடிய பெட்டியில் வையுங்கள், ஈயும் எறும்பும் ஒரு மணி நேரத்தில் பூச்சைத் தின்று ஓட்டையாக்கிவிடும். ஃபார்மலின் புட்டி இருக்கும் பையில் வைக்கவே கூடாது. அதன் ஆவி பட்டாலே சாயம் பச்சையும் நீலமுமாகப் பிடித்துப் படிக்க முடியாமல் போகும்.

கலப்பற்ற மெத்தனாலில் ஒன்று முதல் மூன்று நிமிடம் நிலைநிறுத்தி உலர்த்துங்கள். ஒரு பங்கு ஜீம்சா சாயத்துக்கு ஒன்பது பங்கு பி.எச். 7.2 உள்ள தாங்கல் நீர் (பஃபர்) சேர்த்து அப்போதைக்கப்போது கலந்து, 20 முதல் 30 நிமிடம் சாயமேற்றுங்கள். நேற்றுக் கலந்த சாயம் ஆகாது. நேரம் முடிந்ததும் சாயத்தைச் சாய்த்துக் கொட்டாமல், தண்ணீரை மேலிருந்து விட்டு மிதக்கவிட்டுக் கழுவுங்கள். சாய்த்தால் மேலே மிதக்கும் படிவு பூச்சின்மேல் உட்கார்ந்துவிடும். அந்தப் படிவுதான் அனாபிளாஸ்மா என்று எண்ணி ஏமாற வைப்பதில் முதல் இடத்தில் இருக்கிறது.

100 மடங்கு எண்ணெய் லென்ஸில், இறகு விளிம்பிலும் இரு ஓரங்களிலும் தொடங்கிக் குறைந்தது 100 புலங்கள் (லென்ஸில் ஒருமுறை தெரியும் வட்டம் ஒரு புலம்) பாருங்கள். பூச்சோடு கூடவே, ரத்தம் உறையாமல் தடுக்கும் இ.டி.டி.ஏ. குழாயிலும் இரண்டு மூன்று மி.லி. ரத்தம் எடுத்துக்கொண்டால் சிவப்பணு விழுக்காடு (ரத்தத்தின் அளவில் சிவப்பணுக்களின் பங்கு) பார்க்கலாம். குழாயைக் குலுக்காமல் எட்டுப் பத்து முறை கவிழ்த்து நிமிர்த்துங்கள், குளிரில் வையுங்கள், உறைய விடாதீர்கள்.

சிறுநீர் காப்பி நிறத்தில் போகிறது, காய்ச்சல் 40க்கு மேல்

பபேசியாவை முதலில் சந்தேகிக்க வேண்டும். சிவப்பணுக்கள் ரத்தக் குழாய்க்குள்ளேயே உடைந்து, அவற்றின் நிறமி சிறுநீரகம் வழியாக வெளியேறுவதுதான் அந்த நிறம். சிறுநீரில் எழும் நுரையும் பழுப்பாக இருக்கும், சட்டென்று அடங்காது. மாடு தீனி விட்டுவிடும், அசை போடாது, மூச்சு வாங்கும், பால் இறங்கிவிடும்.

ஆனால் நிறத்தைக் கண்டதும் முடிவுக்கு வரக்கூடாது. சிறுநீரை ஒரு கண்ணாடிக் குழாயில் ஊற்றி ஒரு மணி நேரம் அசையாமல் வையுங்கள். அடியில் சிவப்பாகப் படிந்து மேலே தெளிந்தால் அது ரத்தமே கலந்த சிறுநீர். சிறுநீரகத்திலோ பையிலோ புண், கல், கட்டி, அல்லது பெரணிச் செடியை நெடுநாள் தின்ற கேடு. மேலிருந்து கீழ்வரை ஒரே நிறமாக நின்றால் நிறமி மட்டும் கலந்திருக்கிறது. அப்போதும் காய்ச்சல்தான் பிரித்துக் காட்டும். கன்று ஈன்று இரண்டு முதல் ஆறு வாரத்துக்குள், நன்றாகக் கறக்கும் பசுவுக்குக் காய்ச்சல் இல்லாமல் காப்பி நிறம் வந்தால் பாஸ்பரஸ் குறைபாட்டை நினையுங்கள். பபேசியா ஊசியால் அது தேறாது, பாஸ்பேட் உப்புதான் வேண்டும். தாகத்தோடு இருந்த கன்று ஒரே மூச்சில் ஏராளமாகத் தண்ணீர் குடித்தாலும் சிவப்பாகப் போகும். அதில் காய்ச்சல் இருக்காது, குடித்த சில மணி நேரத்திலேயே வரும். காய்ச்சலோடு வருகிற எலிக்காய்ச்சல், கல்லீரலைத் தாக்கும் ஒருவகைக் குளோஸ்ட்ரிடியம் நோய் ஆகியவற்றையும் மருத்துவர் மனதில் வைத்திருப்பார்.

பூச்சில் பபேசியா பைஜெமினா இருந்தால் தவறவிட முடியாது. பேரிக்காய் வடிவில் இரண்டு இரண்டாக, கூர்முனைகள் ஒன்றையொன்று தொட்டுக் குறுங்கோணத்தில் நிற்கும். நான்கைந்து மைக்ரான் நீளம் இருப்பதால் ஐந்தாறு மைக்ரான் அகலமே உள்ள மாட்டின் சிவப்பணுவை ஏறக்குறைய நிறைத்துவிடும். பபேசியா போவிஸ் அதில் பாதிதான், இணையாக இருந்தால் விரிகோணத்தில் நிற்கும், அணுவின் நடுப்பக்கம் இருக்கும், எண்ணிக்கையில் மிகக் குறைவு. மெல்லிய பூச்சில் அகப்படாவிட்டால், மெத்தனாலில் நனைக்காத கெட்டிப் பூச்சு ஒன்று போட்டுப் பாருங்கள். சாயத்தின் நீரிலேயே சிவப்பணு கரைந்து ஒட்டுண்ணி மட்டும் நிற்கும்.

டைமினசீன் அசிட்யூரேட் கிலோவுக்கு 3.5 மி.கி., ஆழமான தசை ஊசியாக. அல்லது இமிடோகார்ப் கிலோவுக்கு 1.2 மி.கி. தோலடியில். இமிடோகார்பை ஒருபோதும் ரத்த நாளத்தில் போடக் கூடாது. போட்ட சிறிது நேரத்தில் எச்சில் வடிதல், வயிற்று வலி, கழிச்சல் வரலாம். கடுமையானால் அட்ரோபின் கொடுப்பார்கள். இமிடோகார்ப் உடலில் மாதக் கணக்கில் தங்கும் மருந்து, இறைச்சிக்கான காத்திருப்புக் காலம் மிக நீளம். புட்டியின் சீட்டைப் படிக்காமல் போடாதீர்கள்.

நெறி வீங்கியிருக்கிறது, காய்ச்சல் 41ஐத் தாண்டுகிறது

இது தைலேரியாவின் முகம். வெப்ப நாடுகளில் தைலேரியா அனுலேட்டாவும், கிழக்கு, தென் ஆப்பிரிக்கப் பகுதிகளில் தைலேரியா பார்வாவும் இதைச் செய்கின்றன. உண்ணி கடித்த இடத்துக்கு அருகிலுள்ள நெறி முதலில் வீங்கும்; காதில் கடித்திருந்தால் காதடி நெறி, மடியில் கடித்திருந்தால் மடிக்குப் பின்னாலுள்ள நெறி. ஆதலால் தோள் நெறி ஒன்றைத் தடவிவிட்டு இல்லை என்று சொல்லிவிட வேண்டாம். கண்ணில் நீர் வடிதல், கண் பிதுங்கல், இமையின் உட்புறம் சிவப்புப் புள்ளி, மூக்கொழுகல், இருமல் எல்லாம் சேர்ந்து வரும். அயல் இனமும் கலப்பினமும் கடுமையாகப் படும். பபேசியாவுக்கு ஓரளவு தாங்கும் இளங்கன்றுகூட தைலேரியா அனுலேட்டாவில் செத்துப்போகும். வயதை வைத்து இதை ஒதுக்க முடியாது.

இங்கே ரத்தப் பூச்சு மட்டும் பார்ப்பதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. காய்ச்சல் ஏறிய முதல் சில நாளில் ஒட்டுண்ணி நெறியின் வெள்ளையணுவுக்குள்தான் இருக்கும், சிவப்பணுவுக்கு இன்னும் வந்திருக்காது. எனவே நெறியிலிருந்து எடுக்க வேண்டும். வீங்கிய நெறியின் மேல் ரோமம் வழித்து, துடைத்து, இடது கையின் பெருவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் இடையே நெறியை எழுப்பிப் பிடியுங்கள். 18 அல்லது 20 கேஜ் ஊசியை நடுவில் இறக்கி, 5 மி.லி. சிரிஞ்சில் மெல்ல உறிஞ்சியபடி ஊசியை வெளியே எடுக்காமலே இரண்டு மூன்று திசையில் நகர்த்துங்கள். உறிஞ்சும் அழுத்தத்தை விட்டபிறகுதான் ஊசியை வெளியே எடுக்க வேண்டும். சிரிஞ்சில் எதுவும் தெரியாது. தேவையானது ஊசிக்குள்ளேயே இருக்கும். ஊசியைக் கழற்றி, சிரிஞ்சில் காற்று இழுத்து, மறுபடி மாட்டித் தகட்டின்மேல் ஊதினால் சிறு துளி விழும். அதை நசுக்காமல் பரப்புங்கள், அழுத்தினால் வெள்ளையணு உடைந்து ஒன்றும் படிக்க முடியாது. சாயத்தில் வெள்ளையணுவின் நீல உடலுக்குள் சிறுசிறு செம்புள்ளிகள் கொத்தாகத் தெரிந்தால் அவைதான் கோக்கின் நீல உடலங்கள், தைலேரியா உறுதி.

ரத்தப் பூச்சில் பின்னர் தெரிகிற தைலேரியா மோதிரம், காற்புள்ளி, சிறுகுச்சி வடிவங்களில் இருக்கும். தைலேரியாவானாலும் பபேசியாவானாலும் நீலச் சதையும் செம்புள்ளிக் கருவும் தனித்தனியாகத் தெரியும். அனாபிளாஸ்மாவில் அந்தப் பிரிவே இல்லை, முழுதும் ஒரே அடர் ஊதாப் பொட்டு. வடிவத்தைவிட இந்த வேறுபாட்டைக் கண் பழகிக்கொள்வது பெரிய துணை.

புபார்வாகுவோன் கிலோவுக்கு 2.5 மி.கி., கழுத்துத் தசையில். கடுமையாக இருந்தால் 48 முதல் 72 மணி நேரத்தில் இரண்டாம் ஊசி. நோய் தொடங்கிய இரண்டு மூன்று நாளில் போட்டால் நன்றாகக் கேட்கும். நுரையீரலில் நீர் கோத்து நுரை தள்ளும் நிலைக்கு வந்தபின் ஒட்டுண்ணி செத்தாலும் மாடு பிழைப்பது அரிது. டெட்ராசைக்ளினை நம்பி மூன்று நாள் கழிப்பதால் இந்த நிலைக்குப் போகிற மாடுகள் ஏராளம். நோய் வெளிப்பட்டுவிட்ட தைலேரியாவை அந்த மருந்து தனியாகக் குணப்படுத்தாது.

வெளிறி மஞ்சளாகிவிட்டது, சிறுநீர் மட்டும் சிவப்பில்லை

அனாபிளாஸ்மா மார்ஜினேல். ஆர்னால்டு தைலர் 1910இல் இதற்கு இந்தப் பெயர் வைத்ததே, சிவப்பணுவின் விளிம்பில் ஒட்டினாற்போல் தெரிவதால்தான். ஒரு மைக்ரானுக்கும் குறைவான, உருண்டையான பொட்டு. இதில் சிவப்பணு குழாய்க்குள் வெடிப்பதில்லை. மண்ணீரல் அதைப் பொறுக்கி அழிக்கிறது. நிறமி சிறுநீருக்கு வராமல் பித்தமாக மாறுவதால் மஞ்சள் ஏறுகிறது, சிறுநீர் அடர் மஞ்சளாக மட்டும் போகும். சாணம் இறுகி, கறுத்து, சளி பூசினாற்போல் வரும். இளங்கன்று தாங்கிக்கொள்ளும், இரண்டு மூன்று வயதைத் தாண்டிய மாடுதான் கடுமையாக விழும். சினைமாடு கன்று வீசலாம்.

பூச்சில் இதைக் கண்டுபிடிப்பதில் இரண்டு பொறிகள் உண்டு. ஒன்று, சோகை உச்சத்தில் இருக்கும்போது நோயுற்ற அணுக்களை மண்ணீரல் முன்பே அழித்துவிட்டிருக்கும். பொட்டு குறைவாகவே தெரியும். அந்த நேரத்தில் பெரிதும் சிறிதுமாகச் சிவப்பணுக்கள், நீலம் பாய்ந்த இளம் அணுக்கள், நுண்புள்ளி தெளித்த அணுக்கள் மிகுந்திருந்தால் அதுவே நோய் நடந்து முடிந்ததன் தடம். இரண்டு, ஊதாப் பொட்டெல்லாம் அனாபிளாஸ்மா இல்லை. இளம் அணுவில் எஞ்சிய கருத்துணுக்கு, மேலே ஒட்டிய தட்டணு, சாயப் படிவு மூன்றும் அதேபோல் இருக்கும். நுண்திருகைச் சற்றே திருப்புங்கள். சிவப்பணுவும் பொட்டும் ஒரே நேரத்தில் தெளிந்து ஒரே நேரத்தில் மங்கினால் அது அணுவுக்குள் இருக்கிறது. முன்பின்னாகத் தெளிந்தால் மேலே கிடக்கும் அழுக்கு.

நீண்டநேரம் செயல்படும் ஆக்ஸிடெட்ராசைக்ளின் கிலோவுக்கு 20 மி.கி., தேவையானால் 72 மணி நேரம் கழித்து இன்னொன்று. இமிடோகார்பும் கேட்கும், ஆனால் அளவு கிலோவுக்கு 3 மி.கி., பபேசியாவுக்குப் போடுவதைவிட இரண்டரை மடங்கு. மருந்தைவிட முக்கியமானது மாட்டை ஓட்டாமல் இருப்பது. சிவப்பணு இவ்வளவு குறைந்த மாட்டைப் பிடித்துக் கட்டி, வண்டியேற்றி மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் வழியிலேயே விழுந்து சாகும். நின்ற இடத்தில் நிழல் போட்டு அங்கேயே வைத்தியம் செய்ய வேண்டும். மூளைக்கு உயிர்வாயு போதாமல் சில மாடுகள் திடீரென்று முட்ட வரும், கவனம்.

இந்த நோய்க்கு உண்ணி மட்டும் வழியில்லை. கடிக்கும் ஈ, ஒரே ஊசியால் பல மாட்டுக்குக் குத்துவது, கொம்பு தீய்க்கும், காதுப்பட்டை போடும், காயடிக்கும் கருவிகளைத் துடைக்காமல் பயன்படுத்துவது எல்லாம் ரத்தத்தோடு இதைக் கடத்தும். உண்ணியே இல்லாத மந்தையில் ஊசி போட்ட மூன்று, நான்கு வாரத்தில் பல மாடுகள் வரிசையாக வெளிறினால் முதலில் அந்த ஊசியைக் கேளுங்கள்.

தள்ளாடுகிறது, பல்லைக் கடிக்கிறது, விழுந்து கால் உதைக்கிறது

பபேசியா போவிஸ் மூளையின் நுண்குழாய்களை அடைத்தால் இப்படி வரும். காய்ச்சல் உச்சத்தில் இருக்கும், ரத்தப் பூச்சில் ஒட்டுண்ணி அபூர்வம், சிறுநீர் நிறம் மாறும் முன்பே மாடு போய்விடலாம். ஆனால் நரம்புக் குறி என்றதும் வெறிநோயை ஒதுக்கும் வரை வாயில் கைவைக்காதீர்கள், மருந்து புகட்டாதீர்கள். ஈயம் நக்கிய நஞ்சு, மக்னீசியம் குறைவு, குதிரை ஈ கடியால் வரும் டிரிப்பனோசோமா என்ற ரத்த ஒட்டுண்ணி ஆகியவையும் இதே முகம் காட்டும். டிரிப்பனோசோமா உண்ணியால் வருவதில்லை. புதிய ரத்தத் துளியை மூடுதகட்டின் அடியில் பார்த்தால் அணுக்களை இடித்துத் தள்ளியபடி நெளியும். ஆப்பிரிக்காவிலும் கரீபியத் தீவுகள் சிலவற்றிலும் ஆம்பிளியோமா உண்ணி பரப்பும் இதயநீர் நோயையும் சேர்த்து நினைக்க வேண்டும்.

மாடு இறந்துவிட்டது, காரணம் தெரியவில்லை

திடீர்ச் சாவாக இருந்து, மூக்கிலோ ஆசனவாயிலோ உறையாத கறுத்த ரத்தம் கசிந்தால் அறுக்காதீர்கள். அது அடைப்பான் நோயாக (ஆந்த்ராக்ஸ்) இருக்கலாம். காது நுனியில் ஒரு பூச்சு மட்டும் எடுத்து மருத்துவரிடம் கொடுங்கள். அந்தச் சந்தேகம் நீங்கிய பின் அறுத்தால், சிறுநீர்ப் பையில் கருஞ்சிவப்பு நீர் பபேசியாவையும், நான்காம் இரைப்பையில் துளையிட்டதுபோன்ற புண்கள் தைலேரியாவையும், வீங்கிய பித்தப்பையில் கெட்டிப் பித்தம் அனாபிளாஸ்மாவையும் காட்டும். மூளையின் மேற்புறச் சாம்பல் பகுதி செர்ரிப் பழ நிறத்தில் இருந்தால் பபேசியா போவிஸ். அதில் அரிசி அளவு எடுத்து இரு தகட்டுக்கிடையே நசுக்கிச் சாயமேற்றுங்கள். நுண்குழாய்கள் ஒட்டுண்ணி நிறைந்த அணுக்களால் மணிமாலைபோல் அடைந்து நிற்பது தெரியும். செத்த சில மணி நேரத்துக்குள் எடுத்தால்தான் இது உதவும்.

பூச்சில் இல்லை, மாட்டில் இருக்கிறது. பூச்சில் இருக்கிறது, மாட்டில் இல்லை

முதலாவது எளிது. அறிகுறி பொருந்தி, காய்ச்சலும் இருந்து, பூச்சு சுத்தமாக வந்தால் 12 மணி நேரம் கழித்து இன்னொன்று எடுங்கள், நெறியிலும் எடுங்கள். முன்பே யாராவது ஊசி போட்டார்களா என்று கேளுங்கள். ஒட்டுண்ணியின் மரபணுவைத் தேடும் பி.சி.ஆர். சோதனை வசதி இருந்தால் இ.டி.டி.ஏ. ரத்தம் அனுப்புங்கள்.

இரண்டாவதுதான் ஏமாற்றும். ஒருமுறை நோய் கண்டு பிழைத்த மாடு மாதக் கணக்கிலும் ஆண்டுக் கணக்கிலும் ஒட்டுண்ணியைச் சுமந்தபடியே நலமாக இருக்கும். அனாபிளாஸ்மாவில் அநேகமாக ஆயுள் முழுக்க. அப்படிப்பட்ட மாட்டுக்கு மடிவீக்கத்தாலோ நுரையீரல் அழற்சியாலோ காய்ச்சல் வந்தால், பூச்சில் ஆங்காங்கே ஓரிரு தைலேரியா மோதிரம் தெரியும். அதைப் பிடித்துக்கொண்டு உண்மையான நோயை விட்டுவிடுவார்கள். பி.சி.ஆர். அதைவிட நுணுக்கமானது என்பதால் இந்தக் குழப்பத்தை இன்னும் கூட்டும். ரத்தத்தில் எதிர்ப்பொருளைத் தேடும் எலைசா சோதனை, மாட்டுக்கு எப்போதோ தொற்று வந்தது என்பதை மட்டும் சொல்கிறது. ஆகவே ஒட்டுண்ணியின் எண்ணிக்கையை, சிவப்பணு விழுக்காட்டோடு சேர்த்துப் படியுங்கள். விழுக்காடு 24க்கு மேல் நின்று, நெறி வீங்காமல், ஆயிரம் அணுவில் ஒன்றோ இரண்டோ மோதிரம் என்றால் காய்ச்சலுக்கு வேறு காரணம் தேடுங்கள்.

ஊசி போட்டும் தேறவில்லை

பெரும்பாலும் அளவு குறைந்திருக்கும். கண்ணால் எடை மதிப்பிட்டால் பெரிய மாட்டுக்குக் குறைத்தே சொல்லுகிறோம். நாடாவால் அளந்துவிடுங்கள். முன்காலுக்குப் பின்னால் நெஞ்சுச் சுற்றளவைச் செ.மீ.யில் எடுத்து அதை அதனாலேயே பெருக்கி, தோள் முனையிலிருந்து பிட்ட எலும்பு முனை வரையுள்ள நீளத்தால் பெருக்கி, 10,840ஆல் வகுத்தால் கிலோ கிடைக்கும். சுற்றளவு 165, நீளம் 140 என்றால் எடை ஏறக்குறைய 350 கிலோ. அந்த மாட்டுக்கு 5 விழுக்காடு புபார்வாகுவோன் 17.5 மி.லி., 7 விழுக்காடாகக் கரைத்த டைமினசீனும் 17.5 மி.லி., 12 விழுக்காடு இமிடோகார்ப் பபேசியாவுக்கு 3.5 மி.லி.; 20 விழுக்காடு ஆக்ஸிடெட்ராசைக்ளின் 35 மி.லி. ஒரே இடத்தில் 10 மி.லி.க்கு மேல் தசையில் ஏற்றினால் கட்டி விழும், மருந்தும் சரியாக உறிஞ்சப்படாது. அளவுக்கேற்ப இரண்டு முதல் நான்கு இடமாகப் பிரியுங்கள். மருந்தைத் தேர்ந்தெடுப்பது மருத்துவரின் பொறுப்பு. எடையை அளந்து சொல்வது மாட்டுக்காரர் செய்யக்கூடிய உதவி.

அளவு சரியாக இருந்தும் காய்ச்சல் 48 மணி நேரத்தில் இறங்காவிட்டால் மறுபடி பூச்சு எடுங்கள். இரண்டு நோய் சேர்ந்தே இருப்பது சாதாரணம். ஒரே உண்ணி பபேசியாவையும் அனாபிளாஸ்மாவையும் கொண்டுவரும். காய்ச்சல் இறங்கியும் மாடு எழவில்லை என்றால் ஒட்டுண்ணி செத்துவிட்டது, ரத்தம் இன்னும் ஊறவில்லை என்று பொருள். சிவப்பணு விழுக்காடு 12 முதல் 15க்குக் கீழே போனால் ரத்தம் ஏற்றுவதைப் பற்றி மருத்துவரிடம் பேசுங்கள். கொடுக்கும் மாடும் ஒட்டுண்ணி சுமப்பதாக இருக்கக் கூடாது. குளுக்கோஸ் நீரை லிட்டர் லிட்டராக ஏற்றுவது இருக்கிற ரத்தத்தையும் நீர்க்கச் செய்துவிடும். தைலேரியாவில் நெறி சுருங்கப் பல நாள் ஆகும், சிவப்பணுவில் மோதிரங்களும் தொடர்ந்து தெரியும். அதைப் பார்த்து மூன்றாம் ஊசி போட வேண்டியதில்லை.

உண்ணி திரும்பத் திரும்ப வருகிறது

எந்த உண்ணி என்பதைப் பொறுத்து வேலை மாறும். ரிபிசெபாலஸ் மைக்ரோபிளஸ் என்ற சிறிய உண்ணி குஞ்சிலிருந்து முதிர்வு வரை மூன்று வாரமும் ஒரே மாட்டின் மேல்தான் இருக்கும். வயிறு நிறைந்து விழும் பெண் உண்ணி இரண்டாயிரத்துக்கும் மேல் முட்டையிடும். பபேசியா அந்த முட்டை வழியாகவே அடுத்த தலைமுறைக்குப் போய்விடும். தியோபால்டு ஸ்மித்தும் கில்போர்னும் 1893இல் அமெரிக்காவில் டெக்சஸ் காய்ச்சலை (மாட்டின் பபேசியா நோயை)ப் பற்றி வெளியிட்ட ஆய்வு இதைத்தான் நிலைநாட்டியது. கடிக்கும் பூச்சியினம் ஒரு நுண்ணுயிர் நோயைக் கடத்தும் என்பதற்கு முதல் தெளிவான சான்றுகளில் ஒன்று அது. இந்த உண்ணிக்கு மாட்டின் உடலிலேயே மருந்து அடிக்கலாம். மூன்று வாரத்துக்கு ஒருமுறை என்ற கணக்கு அதன் வாழ்க்கைச் சுற்றிலிருந்து வந்தது. தைலேரியா அனுலேட்டாவைப் பரப்பும் ஹயலோமா அப்படி இல்லை. கால் நீண்டு, கோடு போட்ட பெரிய உண்ணி. வாழ்நாளில் பெரும்பகுதியைச் சுவர் வெடிப்பிலும் கொட்டகை மூலையிலும் கழிக்கும். மாட்டுக்கு மட்டும் அடித்தால் அது குறையாது. வெடிப்புகளைப் பூசி அடைத்து, சுவரின் கீழ்ப்பகுதிக்கும் மருந்தடிக்க வேண்டும்.

மருந்து பலிக்காததற்குக் காரணம் பெரும்பாலும் கலவையும் கைவேலையும்தான். சீட்டில் உள்ள அளவைக் கண்ணால் ஊற்றாமல் சிரிஞ்சில் அளந்து கலக்குங்கள். வளர்ந்த மாட்டுக்குத் தோல்வரை நனைய மூன்று முதல் ஐந்து லிட்டர் கரைசல் வேண்டும். முதுகில் மட்டும் தெளித்தால் காதுக்குள்ளும் வாலடியிலும் மடியிடுக்கிலும் இருப்பவை தப்பிவிடும். சரியாக அடித்தும் இரண்டு நாளில் உயிருள்ள பெரிய உண்ணிகள் நின்றால் எதிர்ப்புத்திறன் வந்திருக்கிறது, மருந்தின் வகையையே மாற்ற வேண்டும். கையால் பிடுங்குவதானால் கையுறை போட்டு, தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். விரலால் நசுக்காதீர்கள், ஹயலோமா மனிதருக்குக் கொடிய கிரிமியன் காங்கோ ரத்தக் கசிவுக் காய்ச்சலைத் தரும்.

நோய் கண்ட மாட்டுக்குப் பக்கத்தில் கட்டியிருந்தவற்றையும் அதே உண்ணிகள் கடித்திருக்கும். அவற்றுக்கு மூன்று வாரம் தினமும் காலையில் வெப்பநிலை எடுத்து எழுதி வையுங்கள். 39.5ஐத் தாண்டும் நாளிலேயே காது நுனியில் ஒரு பூச்சு, நெறி தட்டுப்பட்டால் அங்கே இன்னொன்று.